குறையோடு பிறந்த கரம்

நம் மக்களுக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்க மக்களுக்கு பேஸ்பால் அப்படி. கோடை பிறந்துவிட்டால் தந்தையும் மகனும் வீட்டின் பின்புறத்தில் எதிரெதிரே நின்று, பந்தை எறிந்தும் பிடித்தும் பொழுதைக் கழிப்பது அந்நாட்டு இல்லங்களில் அன்றாடக் காட்சி. அந்த விளையாட்டில் கோடிக்கணக்கில் பொருளீட்டும் நட்சத்திர வீரர்கள் உண்டு. நாம் இங்குக் காணவிருப்பவர் பிந்திய நாளில் ஒரே ஓர் ஆண்டுதான் நட்சத்திரமாக ஒளிவிட்டார். அதற்கு முன் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஊர் ஊராக, அணி அணியாக மாறி, எங்கும் வேர் பிடிக்காமல் உழைத்தவர் அவர். அவர் பெயர் இராபர்ட் ஆலன் டிக்கி, சுருக்கமாக ஆர்.ஏ. டிக்கி.

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேலை கிடைக்கும் ஊருக்கெல்லாம் செல்லும் கொத்தனார்களையும் தச்சர்களையும் நாம் அறிவோம். கையில் தொழில் உண்டு. நிலையான இடம் இல்லை. வேலை முடிந்ததும் கூலியைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டியதுதான். பேஸ்பாலிலும் அத்தகையோர் ஏராளம். செய்தித்தாள்கள் அவர்களைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் நம் பங்குகளிலுள்ள பெரும்பாலான குடும்பத் தலைவர்களின் வாழ்வு நட்சத்திரங்களின் வாழ்வைவிட இவர்களுடைய வாழ்வுக்கே நெருக்கமானது என்பது என் எண்ணம்.

விளையாட்டைப் பற்றி இரண்டொரு சொற்கள் கூறிவிடுகிறேன். கிரிக்கெட்டில் பந்து வீச்சாளர் ஓடி வந்து பந்தைத் தரையில் மோதச் செய்து எழுப்புகிறார். பேஸ்பாலில் பந்தெறிபவர் ஒரு சிறு மேட்டின்மேல் நின்ற இடத்திலிருந்தே எறிகிறார். பந்து தரையைத் தொடுவதில்லை. அவருக்கும் மட்டை பிடிப்பவருக்கும் இடையே 60 அடி 6 அங்குலத் தொலைவு. அத்தொலைவை மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கடக்கும்படி எறிவதே சிறந்த பந்தெறியாளருக்கு அடையாளமென்று கருதப்படுகிறது. ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பந்தெறியாளரின் கணக்கில் எழுதப்படும். ஆகவே ஒருவருடைய வாழ்நாள் உழைப்பை 'இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி' என்று இரண்டே எண்களில் அடக்கிச் சொல்லிவிடலாம். இரக்கமற்ற கணக்குத்தான் அது!

டிக்கி 1974ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான், டாமி ஜான் என்னும் பந்தெறியாளரின் முழங்கையில் அறுந்துபோன தசைநாருக்குப் பதிலாக, அவருடைய மறு கையிலிருந்து ஒரு நாணை எடுத்துப் பொருத்தி, டாக்டர் பிராங்க் ஜோப் அறுவை மருத்துவத்தில் புதுமை ஒன்றைச் செய்திருந்தார். முழங்கையின் உட்புறத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைத்து நிற்கும் சிறு தசைநார் அது. பந்தெறிபவனுக்கு அதுவே ஆதாரம். அது அறுந்தால் பிழைப்பே அறுந்துவிடும். அந்தத் தசைநார் கதைக்குத் தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

டிக்கியின் இளமை இனியதன்று. தாய் தந்தையர் பிரிந்து வாழ்ந்தனர். தாய் மதுவுக்கு அடிமையாகியிருந்தார். (அவர் பின்னாளில் அப்பழக்கத்தினின்று மீண்டார் என்பதையும் உடனே சொல்லிவிடுவது நேர்மை.) மேல்நிலைப் பள்ளி மாணவனாக இருந்தபோது, வாடகைக்கு விடப்படாமல் பூட்டிக் கிடந்த வீடுகளைத் தேடிக் கண்டுபிடித்து, வாசலில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் சாவியைக் கொண்டு திறந்து, வெறுந்தரையில் தனியே படுத்து உறங்கிய இரவுகள் அவருக்கு உண்டு. வீடு இருந்தும் வீடற்றவனாக வாழ்ந்த அந்தப் பையனுக்கு நண்பன் ஒருவனுடைய இல்லம் புகலிடமாயிற்று. நண்பனின் தாயார்தான் அவருக்கு ஆண்டவர் இயேசுவை அறிமுகம் செய்துவைத்தார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். நம் பிரிந்த சகோதரர்களுள் ஒருவர். ஆயினும் அந்த வீட்டு உணவு மேசையில் அவர் பெற்றது ஞான உபதேசமே என்பதில் ஐயமில்லை. நண்பனின் சகோதரியே பின்னர் அவருக்கு வாழ்க்கைத் துணைவியானார்.

டென்னசிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றுகொண்டே பந்தெறிந்தார். 1996ஆம் ஆண்டு ஜூன் திங்களில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி, அந்நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் வீரர் தேர்வின் முதற் சுற்றில், பதினெட்டாம் இடத்தில் அவரைத் தெரிவு செய்தது. அதே கோடையில் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில் நாட்டுக்காக ஆடி வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் 8,10,000 டாலர் தருவதாக ரேஞ்சர்ஸ் அணி பேசி முடித்திருந்தது. இருபத்தொரு வயது இளைஞனுக்கு எத்தகைய வாழ்வு கண்முன் விரிந்திருக்கும்!

விதி ஒரு புகைப்படத்தின் வடிவில் வந்தது. பேஸ்பால் இதழ் ஒன்று, ஒலிம்பிக் அணியின் பந்தெறியாளர்கள் வரிசையாக நிற்கும் படத்தை அட்டையில் வெளியிட்டது. அதில் டிக்கியின் வலக் கை மட்டும் மற்றவர்களுடையதைப்போல் நேராகத் தொங்காமல், முழங்கையில் சற்றே மடங்கி, ஏதோ விதமாக இருந்ததை அணியின் உடல்நலப் பயிற்சியாளர் கவனித்தார். மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடாயிற்று. படமெடுத்துப் பார்த்த மருத்துவர்கள் வியந்து நின்றனர். முன்னே சொன்ன அந்தத் தசைநார் டிக்கியின் வலக் கையில் அறுந்திருக்கவில்லை, நைந்திருக்கவில்லை, அங்கே அது இல்லவே இல்லை. அக்கையைக் கொண்டு கதவின் குமிழைத் திருகினாலே வலி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ நூல். அவரோ அக்கையால் ஒலிம்பிக் பதக்கம் பெற்றிருந்தார். எனினும் வாணிபம் வாணிபமே. 8,10,000 டாலர் என்ற பேச்சு திரும்பப் பெறப்பட்டது. இறுதியில் 75,000 டாலர் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டார்.

இதில் நான் வாசகர்களைச் சற்று நிறுத்த விரும்புகிறேன். நேற்றுவரை இருந்த திறமையில் அணுவளவும் குறையவில்லை. வீசிய பந்து அதே பந்து. வீசிய கரம் அதே கரம். ஒரு காகிதத்தில் எழுதப்பட்ட மருத்துவச் சொல் மட்டுமே புதிது. அதற்குள் ஒரு மனிதனின் மதிப்புப் பத்தில் ஒரு பங்காகிவிட்டது! பெண் பார்க்க வந்தவர்கள், பிள்ளையின் காதைப் பற்றியோ காலைப் பற்றியோ ஏதோ கேள்விப்பட்டுக் காப்பியைக்கூட முழுவதும் அருந்தாமல் எழுந்து போனதை அறிந்த குடும்பங்கள் நம் பங்குகளில் இல்லையா?

அதன்பின் தொடங்கியது நீண்ட பயணம். அமெரிக்காவில் மேஜர் லீக் எனப்படும் உயர்மட்டத்திற்குக் கீழே மைனர் லீக் என்னும் படிக்கட்டு உண்டு. சிறு நகரங்கள், குறைந்த ஊதியம், இரவு முழுவதும் பேருந்துப் பயணம், மலிவான விடுதிகள். டிக்கி புளோரிடாவில் ஒரு கடற்கரை ஊரில் தொடங்கி, அடுத்து டல்சா, அதன்பின் ஓக்லஹோமா நகரம் என்று படிப்படியாக ஏறினார். 2001 ஏப்ரலில் முதன்முறையாக உயர்மட்ட அணிக்கு அழைக்கப்பட்டார், நான்கே ஆட்டங்கள், மீண்டும் கீழே அனுப்பப்பட்டார். 2003இல் ஒன்பது வெற்றி பெற்று நம்பிக்கையூட்டினார். அடுத்த ஆண்டே சரிந்தார். அழைப்பு வருவதும் அனுப்பப்படுவதும், மனைவி பெட்டிகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதும், குழந்தைகள் பிறப்பதும் இதற்கிடையே நடந்துகொண்டேயிருந்தன. மாற்றலாணையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் பள்ளியை நினைத்துக் கலங்கும் அரசு ஊழியர் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரே வேறுபாடு: இவருக்கு மாற்றலாணை பருவத்துக்குப் பலமுறை வந்தது!

முப்பது வயதானபோது தோளின் வலிமை தளர்ந்தது. வேகம் குறைந்த பந்தெறியாளரை எவரும் வைத்துக்கொள்வதில்லை. 2005ஆம் ஆண்டு ரேஞ்சர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரும், பந்தெறிப் பயிற்சியாளரான ஓரல் ஹெர்ஷைசரும் அவரை அழைத்து, இனி வேகத்தை நம்பிப் பயனில்லை என்று வெளிப்படையாகச் சொல்லினர். 'நக்கிள் பந்து' என்னும் விசித்திரமான எறிமுறையை முழுமையாகக் கைக்கொண்டால் ஒருவேளை பிழைக்கலாம் என்றனர்.

அது என்ன விசித்திரம்? பந்தெறிபவர் யாவரும் விரல்களால் பந்தைச் சுழலச் செய்து, அச்சுழற்சியால் அதைத் தம் விருப்பப்படி வளைக்கிறார்கள். நக்கிள் பந்து எறிபவரோ, ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நகங்களையும் பந்தில் அழுத்திப் பிடித்து, அது சுழலாதபடி தள்ளி விடுகிறார். மட்டையாளரை அடைவதற்குள் பந்து ஒருமுறை முழுவதும் சுழன்றாலே அதிகம். அவ்வாறு மெல்லத் திரும்பும்போது, தையல் எந்தப் பக்கம் வருகிறதோ அதற்கேற்பக் காற்று அதை இப்படியும் அப்படியும் தள்ளுகிறது. பட்டாம்பூச்சி பறப்பதுபோல் அலைந்து வரும். எங்கே போய் விழும் என்பது மட்டையாளருக்கும் தெரியாது, பிடிப்பவருக்கும் தெரியாது, எறிந்தவருக்கும் தெரியாது! பிடிப்பவர் இதற்கென்றே அகன்ற கையுறை அணிந்துகொள்வார். நம் நாட்டு ஜாகீர் கான் 2011 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் இவ்வகைப் பந்தை இடையிடையே வீசியது கிரிக்கெட் அன்பர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் ஓவருக்கு ஒரு முறை வீசுவது வேறு. அது ஒன்றையே நம்பிப் பிழைப்பது வேறு. தன் திறமையால் பந்தை ஆள்வதே பெருமை என்று சிறு வயது முதல் கற்ற ஒருவர், பந்தைக் கைவிட்டுக் காற்றிடம் ஒப்படைக்கக் கற்க வேண்டும். உடலைவிட உள்ளத்துக்குத்தான் அது கடினமான பயிற்சி.

முன்னாளில் இக்கலையில் தேர்ந்தவரான சார்லி ஹஃப் என்பவரிடம் சென்று, பந்தைப் பிடிக்கும் விதத்தைக்கூட முதலிலிருந்து கற்றார். பாடம் எளிதில் கைகூடவில்லை. 2006 ஏப்ரல் 6ஆம் நாள் டெட்ராய்ட் அணிக்கு எதிராக, சொந்த மைதானத்தில், நக்கிள் பந்து எறிபவராக முதன்முறை களமிறங்கினார். மூன்றரை இன்னிங்ஸ்கூட நிறைவடையவில்லை. அதற்குள் ஆறு பந்துகளை எதிரணியினர் எல்லைச் சுவருக்கு அப்பால் பறக்க விட்டனர். ஒரே ஆட்டத்தில் ஒரு பந்தெறியாளருக்கு எதிராக ஆறு 'ஹோம் ரன்' என்பது தற்கால பேஸ்பாலில் அவப்பெயரான சாதனை. அந்தப் பட்டியலில் அவருடைய பெயரும் சேர்ந்தது. ஆட்டம் முடிந்த கையோடு மீண்டும் கீழ்மட்ட அணிக்கு அனுப்பப்பட்டார்.

அந்நாட்களில் தொழில் மட்டுமன்று, குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது. தம் மனைவிக்கு உண்மையற்றவராக நடந்துகொண்டதையும், உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வரை சென்றதையும் டிக்கி பின்னாளில் தாமே எழுதினார். கிறிஸ்தவ ஆலோசகர் ஒருவரை நாடினார். அங்கேதான், இருபது ஆண்டுகளுக்கு மேலாக எவரிடமும் சொல்லாத ஒன்று வெளிவந்தது. எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1983ஆம் ஆண்டுக் கோடையில், தம்மைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பெண்ணாலும், பின்னர் வேறோர் இளைஞனாலும் அவர் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கப்பட்டிருந்தார். சிறுவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குற்றம் தன்மேல்தான் விழும் என்று அஞ்சினான். அந்த இரகசியத்தின் நிழலில் வளர்ந்து, மணந்து, தந்தையாகி, எவரையும் அருகில் வரவிடாமலேயே வாழ்ந்திருக்கிறான். பூட்டிய வீடுகளில் தனியே படுத்துறங்கியவனின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பது இப்போது நமக்கு விளங்குகிறது அல்லவா?

கணவன் மனைவியிடம் எல்லாவற்றையும் அறிக்கையிட்டார். மனைவி உடனே மன்னித்துவிட்டதாகக் கதை கட்ட வேண்டியதில்லை. அப்படி எந்த மனைவியாலும் இயலாது. காலம் பிடித்தது, கண்ணீர் செலவாயிற்று. ஆனால் அந்த இல்லம் இடியவில்லை.

2007ஆம் ஆண்டு அவர் மில்வாக்கி அணியின் கீழ்மட்டக் குழுவில், தம் சொந்த ஊரான நாஷ்வில்லில் ஆடிக்கொண்டிருந்தார். ஜூன் திங்களில் ஓமகா நகருக்கு ஆடச் சென்றபோது அணியினர் தங்கியிருந்த விடுதி மிசௌரி ஆற்றங்கரையில் இருந்தது. அந்தப் பேராற்றை நீந்திக் கடப்பேன் என்று தோழர்கள் முன் சொல்லிவிட்டு இறங்கினார். ஏன் அப்படிச் செய்தார்? முப்பத்திரண்டு வயதில், தோல்வியுற்றவன் என்ற பெயரைக் கழுவிக்கொள்ள ஏதேனும் ஒரு வீரச் செயல் தேவைப்பட்டது போலும். மடமைதான்! நடு ஆற்றில் நீரோட்டம் அவரை இழுத்துச் சென்றது. கடக்க இயலாதென்று உணர்ந்து திரும்பினார். வலிமை தீர்ந்து மூழ்கினார். இறந்தேன் என்றே எண்ணினார். கரையோரம் ஓடி வந்த சக வீரர் கிராண்ட் பால்ஃபர் கை நீட்டிப் பிடித்து இழுத்தார். யாபோக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடி, தொடை விலகி, நொண்டிக்கொண்டே புறப்பட்ட யாக்கோபை எனக்கு நினைவூட்டும் நிகழ்ச்சி இது. கரையேறிய டிக்கி அவ்வாண்டு தம் லீக்கின் சிறந்த பந்தெறியாளர் என்ற விருதைப் பெற்றார்.

உடனே வாழ்வு மாறிவிடவில்லை. 2008இல் சியாட்டில், 2009இல் மினசோட்டா. இடையிடையே அவ்வணிகளின் கீழ்மட்டக் குழுக்கள். ஆனால் இந்த ஆண்டுகளில் அவருக்கு ஓர் அரிய செல்வம் கிடைத்தது. நக்கிள் பந்து எறிவோர் எக்காலத்திலும் ஒரு கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சிறு கூட்டம். அதனாலேயே ஒருவருக்கொருவர் எதையும் மறைப்பதில்லை. பாஸ்டன் அணியின் டிம் வேக்ஃபீல்டு, எதிரணி வீரரென்றும் பாராமல், தாம் பயிற்சி செய்வதை டிக்கி அருகிலிருந்து காண இடமளித்தார். 318 வெற்றிகள் கண்ட பில் நீக்ரோவும் ஆலோசனை வழங்கினார். அந்த நீக்ரோவுக்கு இக்கலையை வீட்டின் பின்முற்றத்தில் கற்பித்தவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான அவருடைய தந்தை. தொழில் இரகசியத்தைப் பங்காளிக்கும் சொல்லாத உலகில் இது வியப்புக்குரியது.

2010ஆம் ஆண்டு நியூயார்க் மெட்ஸ் அணி அவரைக் குறைந்த ஒப்பந்தத்தில் எடுத்தது. பயிற்சி முகாமில் முதன்முதலாக நீக்கப்பட்டவர் அவரே. பஃபலோ நகரத்துக் கீழ்மட்ட அணிக்குப் போனார். ஏப்ரல் இறுதியில் அங்கு ஓர் ஆட்டம். முதல் மட்டையாளர் பந்தை அடித்து ஓடிவிட்டார். அதன்பின் வந்த 27 பேரில் ஒருவரைக்கூட அவர் தளம் சேர விடவில்லை. மே 19ஆம் நாள் மெட்ஸ் அணி அவரை மேலே அழைத்தது. அதுவரை உயர்மட்டத்தில் அவருடைய கணக்கு 22 வெற்றி, 28 தோல்வி, வயது முப்பத்தைந்து. அதன்பின் அவர் கீழே அனுப்பப்படவேயில்லை. மற்ற நக்கிள் பந்தாளர்கள் மெதுவாக எறிவார்கள். டிக்கியோ அதை மணிக்கு 125 கிலோமீட்டர் வேகத்திலும் சுழலாமல் எறியக் கற்றிருந்தார். இளமையில் வேகத்தைத் தேடி உழைத்த உழைப்பு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.

2012 ஜனவரியில், ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ சிகரத்தில் ஏறினார். இளமையில் படித்த ஹெமிங்வேயின் கதை ஒன்று உள்ளத்தில் விதைத்த ஆசை அது. (இவர் படிப்பாளி, தம் மட்டைகளுக்குப் பழங்காவியம் ஒன்றிலிருந்தும், கத்தோலிக்க எழுத்தாளர் டோல்கீனின் கதையிலிருந்தும் வாள்களின் பெயர்களைச் சூட்டியவர்!) ஆயினும் அவர் ஏறியது ஆசைக்காக மட்டுமன்று. மும்பையின் காமாத்திபுரா பகுதியில், உடல் வாணிபத்துக்கு விற்கப்பட்ட பெண்களையும் சிறுமியரையும் மீட்டெடுத்துப் பேணும் பம்பாய் டீன் சேலஞ்ச் என்னும் கிறிஸ்தவ அமைப்புக்கு அம்மலையேற்றத்தின் வாயிலாக நிதி திரட்டினார். மலையில் அடிபட்டால் ஒப்பந்தத்தை இரத்து செய்ய நேரிடும் என்று அணி நிர்வாகம் கடிதம் எழுதி எச்சரித்தது. நாற்பது இலட்சம் டாலருக்கு மேற்பட்ட ஊதியம் ஆபத்தில் இருந்தது. எனினும் ஏறினார். ஓர் இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

சிறுவயதில் தமக்கு நேர்ந்ததை ஊரறியச் சொன்ன வரலாற்று நூலும் அவ்வாண்டு மார்ச்சில் வெளிவந்தது. விளையாட்டு வீரர்கள் அப்படியெல்லாம் எழுதுவதில்லை. உடைமாற்றும் அறையில் தோழர்கள் எப்படிப் பார்ப்பார்களோ என்ற அச்சத்தோடுதான் வெளியிட்டிருப்பார். நூல் வெளிவந்த அந்தப் பருவத்தில் அவர் எறிந்த பந்துகளை எவராலும் அடிக்க இயலவில்லை. ஜூன் மாதத்தில் தொடர்ந்து இரண்டு ஆட்டங்களில், ஆட்டத்துக்கு ஒரே ஓர் அடிதான் கொடுத்தார். ஆண்டு முடிவில் 20 வெற்றி, 6 தோல்வி. நவம்பர் 14ஆம் நாள், தம் லீக்கின் தலைசிறந்த பந்தெறியாளருக்குரிய சை யங் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. 1956இல் தொடங்கிய அவ்விருதை நக்கிள் பந்து எறிபவர் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை. வயது முப்பத்தெட்டு.

அதே 2012 நவம்பர் 14ஆம் நாள், குழந்தைகள் தினத்தன்று, நம் நாட்டில் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, நாள் ஒன்றாக அமைந்தது, அவ்வளவே. ஆயினும் அந்த ஒற்றுமையைச் சாக்காக வைத்து, பெற்றோருக்குச் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இச்சட்டம் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமன்று. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளுக்கும் உரியது. 'ஆண்பிள்ளைதானே, அவனுக்கு என்ன ஆகிவிடும்' என்னும் எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. டிக்கியும் ஆண்பிள்ளைதான். குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மறைப்பதும் இச்சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணுக்குப் பிள்ளைகளே கட்டணமின்றித் தொலைபேசலாம். கொடுமை செய்பவர் பெரும்பாலும் அறிமுகமற்றவரல்லர். உறவினர், அண்டை வீட்டார், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்பி விடப்பட்டவர். திருச்சபையின் பணியாளர்களிலேயே சிலர் இக்கொடுமையைச் செய்தார்கள் என்பதையும், அதை மறைத்தவர்கள் இருந்தார்கள் என்பதையும், குருவாகிய நான் தலைகுனிந்துதான் எழுத வேண்டியிருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல், இத்தகைய குற்றங்களை அறியவரும் குருக்களும் துறவியரும் அவற்றைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சட்டம் வகுத்து, 2023இல் அதை நிலையான சட்டமாக்கினார். பிள்ளைகளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: பிறர் உனக்கு இழைத்த கொடுமை உன் பாவமன்று. பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட அதைத் தன் பாவமாகச் சொல்லி அழும் பிள்ளை இருக்கக்கூடும். அது பாவமன்று என்று அப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. ஆனால் அதற்கு முன்பே, அச்சமின்றிச் சொல்லக்கூடிய காது ஒன்று வீட்டில் இருந்தால் எவ்வளவு நலம்! 'வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும்' என்று பிள்ளையின் வாயைப் பொத்துகிறவர்கள், எந்தக் குடும்பத்தின் மானத்தைக் காக்கிறார்கள்?

2013 ஜனவரியில் டிக்கி மும்பைக்கு வந்தார். பதினொரு வயதும் ஒன்பது வயதுமான தம் புதல்வியர் இருவரையும் உடன் அழைத்து வந்தார். அத்தகைய இடத்துக்குச் சிறுமியரை அழைத்து வருவது தகுமா என்று சிலர் கேட்கலாம். எனக்கும் முதலில் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் மீட்கப்பட்ட பிள்ளைகளில் பலர் அச்சிறுமியரின் வயதினரே அல்லரோ? துன்புறுவோரை மூடிய கார் கண்ணாடியின் வழியே பார்த்துவிட்டுப் போகாமல், அவர்களோடு அமர்ந்து பேசத் தம் பிள்ளைகளைப் பழக்கிய தந்தை என்ற முறையில் இப்போது அவரை மதிக்கிறேன்.

விருது பெற்றவரையும் மெட்ஸ் அணி வைத்துக்கொள்ளவில்லை. விருது அறிவித்து ஐந்து வாரங்கள் ஆகுமுன், 2012 டிசம்பரிலேயே, இளம் வீரர்களைப் பெறும் பொருட்டு அவரைக் கனடா நாட்டு டொராண்டோ அணிக்குக் கைமாற்றிவிட்டது. முதியவருக்கு விலை உள்ளபோதே விற்றுவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மீண்டும் பெட்டிகள், மீண்டும் புது ஊர். டொராண்டோவில் நான்கு ஆண்டுகள் சோர்வின்றிப் பந்தெறிந்தார். 49 வெற்றி, 52 தோல்வி. நட்சத்திரப் பருவம் மீண்டும் வரவில்லை. வந்த வேலையைச் செய்தார்.

2015இல் டொராண்டோ அணி, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. அக்டோபர் 12ஆம் நாள் நான்காம் ஆட்டத்தைத் தொடங்கும் பொறுப்பு டிக்கியிடம் ஒப்படைக்கப்பட்டது. நாற்பது வயதில் அவருக்கு முதல் இறுதிச் சுற்று ஆட்டம் அது. எதிரணி, டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்! இடம், ஆறு ஹோம் ரன்களை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து வெளியேறிய அதே ஆர்லிங்டன் மைதானம். ஐந்தாம் இன்னிங்ஸில் அணி ஏழுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்தது. ஆட்டத்தைத் தொடங்கியவர் ஐந்து இன்னிங்ஸை முடித்தால்தான் வெற்றி அவர் கணக்கில் சேரும். இன்னும் ஒரே ஒருவரை வெளியேற்றினால் போதும். அந்நேரத்தில் தலைமைப் பயிற்சியாளர் மேட்டுக்கு நடந்து வந்து, பந்தை அவர் கையிலிருந்து வாங்கி மற்றொருவரிடம் கொடுத்தார். அணி வென்றது. டிக்கியின் கணக்கில் வெற்றி எழுதப்படவில்லை.

2017இல் அட்லாண்டா அணியில் சேர்ந்தார். நாஷ்வில் வீட்டிலிருந்து நான்கு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவுதான். அந்தப் பருவத்தில் பத்து வெற்றி, பத்துத் தோல்வி. அதன்பின் அவர் களமிறங்கவில்லை. ஆறு உயர்மட்ட அணிகளில் அவர் ஆடிய ஆட்டங்களின் மொத்தக் கணக்கு 120 வெற்றி, 118 தோல்வி.